வரைபடமும் செக்குபந்தியும்

பழைய புதுச்சேரியைப் பற்றி ழான் தெலோஷ் எழுதி 2005-ல் வெளிவந்த புத்தகத்தை, பிரெஞ்சு தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

1673 முதல் 1824 வரையில் அந்த நகரம் எப்படி இருந்தது என்பதைப் பழைய வரைபடங்களைக் கொண்டே சொல்லுகிறார் ஆசிரியர். ஒரு படம் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதில்லை. இன்னொரு படத்தை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். புதுவையின் நேர் நேரான தெருக்கள் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்றுதான் நாமெல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 1693-ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் படங்களைக் காட்டி, அந்தப் பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் என்கிறார். 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய ஊர் அது. கல்லும் சுண்ணாம்பும் போன பிறகு காகிதம்தானே சாட்சி?

பொறாமைக்கு வருகிறேன். நகரத்துக்காரர் ஒருவர் தம் முன்னோர்களைத் தேடினால், தெருவுக்கு தெலோஷ் இருக்கிறார். தெருவில் நடந்த மனிதர்களுக்கு 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. நான் பாகூர்ப் பக்கத்துக்காரன். எங்களுக்கு யார் நாட்குறிப்பு எழுதினார்கள்? நகரத்தைப் பற்றிய புத்தகம் நகரத்தோடு நிற்பது குற்றமல்ல. ஆனால் அதன் வழியைப் பின்பற்றிப் பாகூருக்கும் வில்லியனூருக்கும் போகிறவன் பாதி வழியில் திகைத்து நிற்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிராமப் படம் நகரப் படத்தின் ஜாதியைச் சேர்ந்ததல்ல. கோட்டை கட்டுகிறவன் வரைந்தது ஒன்று. தீர்வை வாங்குகிறவன் வரைந்தது மற்றொன்று. இரண்டாமவனுக்கு நிலம் யாருடையது, எவ்வளவு என்பதுதான் கவலை. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் இன்றைக்கும் மறு சர்வே எண்ணோடு பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் எண்ணையும் சேர்த்தே போடுகிறார்கள். அளவைக் குழியிலும் வீசத்திலும் சொல்லுகிறார்கள். ஆகவே படத்தில் வயலைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. ஊர் எல்லைதான் வம்பு. புதுவைக் கிராமங்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களோடு விரல் கோத்துக் கிடக்கின்றன. ஒரு சர்க்காரின் படம் தன் எல்லையோடு நின்றுவிடும். பெண் கொடுத்த வீடு வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தால் வேறு கச்சேரிக்குத்தான் போகவேண்டும்.

இருந்தாலும் படம் பெரிய உபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற குலத்தில் பெயரை வைத்து ஆளைத் தேடுவது, கோவிந்தா என்று திருப்பதியில் கூப்பிட்டுவிட்டு யார் திரும்புகிறார்கள் என்று பார்ப்பது போலத்தான். போதாததற்கு 1881-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிய குடும்பப் பெயர்களையும் சூட்டிக்கொண்டார்கள். பெயர் மாறலாம், ஏரி மதகுக்கு அடுத்த வயல் இடம் மாறாது.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நஞ்சை எங்களுக்கு இருந்ததாம். கொள்ளுத் தாத்தாவிடம் பங்காளி கைநாட்டு வாங்கி ஏமாற்றிவிட்டானாம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் போனதில்லை. படத்தை விரித்துப் பார்த்தேன். மதகு, வாய்க்கால், கிழக்கே ஒற்றையடிப் பாதை, எல்லாம் பாட்டி சொன்னபடியே இருந்தன. எண்ணிப் பார்த்தால் இருநூறு குழி, அதாவது சரியாக இரண்டு காணி. பாட்டி ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

பிறகு அடுத்த வயல்காரரின் பழைய பத்திரம் ஒன்று கைக்கு வந்தது. எழுதியவர் வழக்கம்போல் செக்குபந்தி போட்டிருக்கிறார்: வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் குத்தகைக்குப் பயிரிடும் கோயில் மானியத்துக்குக் கிழக்கு. அந்த இன்னார் எங்கள் கொள்ளுத் தாத்தா. தகப்பன் பெயரும் தெருவும்கூட எழுதியிருந்தது. இழப்பதற்கு அவருக்கு நிலமே இருந்ததில்லை.

படம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எண்ணும் அளவும் போதும் என்பது அதன் கொள்கை. செக்குபந்தி எழுதியவனுக்கோ அக்கம்பக்கத்தைச் சொல்லாமல் ஒரு நிலத்தைச் சொல்லத் தெரியாது. தனக்குத் தேவையில்லாத ஆளையும் எல்லைக்கல்லாக நிறுத்திவிட்டுப் போகிறான். நாவல் எழுதுகிறவனுக்கு இவன்தான் கிட்டத்து உறவு. ஒவ்வொரு கொம்யூனிலும் கிராமப் படத்தையும் பழைய பத்திரங்களின் எல்லை விவரத்தையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு யாராவது வெளியிட்டால், தெலோஷ் நகரத்துக்குச் செய்ததில் பாதியாவது கிராமத்துக்குச் செய்ததாகும்.

பெரியப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்திரத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"குத்தகைக்குன்னா போட்டிருக்கு?"

"ஆமாம் பெரியப்பா."

"அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டா" என்றார், வெகு நேரம் கழித்து.

பங்காளி வீட்டில் ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வந்திருக்கிறது. பெரியப்பா அதை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் வழக்கம்போல் கிழித்துப் போடவும் இல்லை.