துயருக்கு எத்தனை மாதம்?

ஒரு சொல்லின் வரைவிலக்கணம் மாறினால் அகராதி மாறும், அவ்வளவுதான். ஒரு நோயின் வரைவிலக்கணம் மாறினால் நேற்றுவரை சுகமாயிருந்தவர் இன்று நோயாளி. அதனால்தான், வைத்தியம் படிக்காத நான், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு மனவடுவையும் துயரையும் பதிப்புக்குப் பதிப்பு எப்படித் திருத்தி எழுதியது என்பதைப் பாடபேதம் பார்ப்பது போலப் பார்த்தேன்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலை பேசப்பட்ட காலத்தில், 1980 இல், மூன்றாம் பதிப்பு மனவடு நோயைத் தனிநோயாக ஏற்றது. குற்றம் ஆளின் பலவீனத்தில் இல்லை, நடந்த சம்பவத்தில் என்று ஒப்புக்கொண்டதே அதன் பெருமை. ஆனால் அச்சம்பவம் வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டுமாம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாட்டில் எது வழமை? 1994 இல் நான்காம் பதிப்பு அந்த வாசகத்தை நீக்கி, அச்சம், கையறுநிலை, திகில் என்ற உணர்வுகளை நிபந்தனையாக்கியது. நமக்கோ கையறுநிலை புறத்திணையில் ஒரு துறை, நோயின் அடையாளமல்ல. 2013 இல் ஐந்தாம் பதிப்பு அதையும் எடுத்துவிட்டது. இதுவரை திருத்தங்கள் நியாயமானவைதான்.

சிக்கல் இழவிரக்கத்தில் வருகிறது. மௌத்து நடந்து முதல் இரண்டு மாதத் துயரைப் பொதுவாக மனச்சோர்வு நோயாகக் கொள்ளக்கூடாது என்றிருந்த விலக்கு 2013 இல் போனது. 2022 இல் நீடித்த துயர் தனிநோயாயிற்று: வளர்ந்தவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலோ 6 மாதம் போதும். ஏழாம் மாதத்தில் அழும் ஒரு தாய் ஒரு புத்தகத்தில் நோயாளியாகலாம், மற்றதில் ஆகமாட்டாள்.

எங்கள் ஊரில் ஒரு மூத்தம்மா. 1990 இல் வயலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. “மௌத்தெண்டு ஆரு சொன்ன? கபுறக் காட்டுங்க. எந்த நாளிலயிருந்து நான் இத்தா எண்ணுற?” என்பார். கையேட்டின் கணக்கும் மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்குத் தொடக்கநாளே இல்லை. போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். 1999 இல் அதை நூலாகவும் எழுதினார். ஆனாலும் நீடித்த துயரின் நியமங்களில் அதற்கு இடமில்லை. 2020 இல் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தபோது நாள் தெரிந்தது, கபுறு இல்லை. அந்தக் குடும்பங்களின் துயரை மாதத்தால் மட்டும் அளக்க முடியுமா?

சும்மா சொல்லக்கூடாது, இரு நூல்களும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன: துயர் அவரவர் சமய, பண்பாட்டு வழக்கத்தை மீறியிருந்தால்தான் நோய். அப்படியானால் நமது வழக்கம் என்ன என்பதை வைத்தியருக்கு யார் சொல்வது? நாம் சொல்வதெல்லாம் “ஸபுர் செய்யுங்க” என்ற ஒரே வசனம். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள், மற்றவர்களுக்கு மூன்று நாள் என்பது துக்கம் அனுஷ்டிப்பதன் எல்லை. உள்ளம் ஆறியதற்கான அத்தாட்சி அல்ல. தன் மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபியவர்கள் (ஸல்) கண்ணீர் விட்டார்கள். அழகிய பொறுமைக்கு நாம் எடுத்துக்காட்டும் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின. யூசுப் (அலை) மௌத்தாகவில்லை, காணாமல் போனவர் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே இந்த நியமங்களை மேற்கத்தையச் சரக்கென்று ஒதுக்குவது என் நோக்கமல்ல. ஆண்டுகள் போயும் எழும்ப முடியாதவருக்கு வைத்தியம் வேண்டும். ஸபுரைக் காட்டி அதைத் தடுப்பது பாவம். அதேவேளை அந்தப் பண்பாட்டு வாசகத்தின் வெற்றிடத்தை உலமாக்களும் வைத்தியர்களும் நம் பெண்களைக் கேட்டு, தமிழில் எழுதி நிரப்ப வேண்டும். முதலில் கேட்க வேண்டியவர் அந்த மூத்தம்மா. அவரது கேள்விக்கு எந்தப் பதிப்பிலும் இன்னும் விடையில்லை.