ஜகன்மோகினியின் அடுப்பு

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) தெலுங்கில் உருவாகித் தமிழில் மொழிமாற்றம் பெற்ற மாயாஜாலப் படம். அதில் பேய் விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. சிக்கனமான தயாரிப்பின் தந்திரம் வெளிப்படையாகத் தெரிவதால் அதனை நகைப்புக்குரியதென ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. புறநானூற்று மறக்களவேள்வியில் (பாடல் 26) பகைவேந்தர் தலைகள் அடுப்பாகின்றன, தோள்கள் துடுப்பாகின்றன. கலிங்கத்துப்பரணியின் பேய்களோ களத்திலேயே கூழ் அடுகின்றன. இவற்றிலிருந்து அக்காட்சி பிறந்தது என்பது என் வாதமன்று. உடலுறுப்பைச் சமையற்கருவியாக்கும் கற்பனை அச்சத்தையும் நகையையும் ஒருங்கே தருவது. மெய்போலத் தோன்ற வேண்டிய தேவை அதற்கில்லை. 2009-இல் வெளிவந்த தமிழ் மறுஆக்கம் கணினி வரைகலையை நாடியது. பேசப்படுவதோ பழைய அடுப்புத்தான். பரணிப் பேய்களைப் பாடம் நடத்தும் நாம் இப்பேயை மட்டும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவது ஏன்?