டிராஜெடி என்னும் சொல்லும் நமது அவலமும்

ஆங்கிலத்தின் 'டிராஜெடி' என்ற சொல் இன்று நமது பத்திரிகைகளிலும் இரங்கற் கூட்டங்களிலும் மலிந்துவிட்டது. பஸ் கவிழ்ந்தாலும் டிராஜெடி. கடல் ஊருக்குள் புகுந்தாலும் டிராஜெடி. துயரைக் குறிக்கும் சொல்லே துயரின் காரணத்தை மறைக்கும் திரையாகுமாயின், அதனை ஆராய்தல் விமர்சகர் கடனாகும்.

கிரேக்கத்தில் 'ஆட்டுப் பாடல்' என்ற பொருளில் பிறந்த இச்சொல் நாடகத்துக்கு உரியது. அரிஸ்டாட்டில் கூறும் தலைவனின் வீழ்ச்சி வெறும் தற்செயலால் நேர்வதன்று. அவன் இழைத்த பிழையொன்றிலிருந்து விளைவது. ஆகவே, 'இஃது ஏன் நேர்ந்தது?' என்ற வினாவே அச்சொல்லின் உயிர். இன்றைய வழக்கோ அவ்வினா எழாதபடி செய்கிறது.

நம்மவர் இதனைத் துன்பியல் என்றும் அவலம் என்றும் பெயர்த்தனர். ஆனால் தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டை மொழிந்ததோடு அமையாது, அது பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலை கெடுதல், இல்லாமை ஆகிய இந்நான்கனுள் இழவொன்றையே இயற்கையின் மேல் ஓரளவேனும் சுமத்தலாம். ஏனைய மூன்றும் பெரும்பாலும் மனித உறவுகளிற் பிறப்பன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டது. அது இழவு. பின்னர், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டத் தடை வந்தது. குடும்பங்கள் கூடாரங்களில் அலைந்தன. அது அசைவு. தொழிலிழந்தோரை வறுமை சூழ்ந்தது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழுந்தன. அவை முஸ்லிம்களுக்கே ஒதுக்கப்பட்டமைக்கு எதிராக வழக்கு எழுந்தது. இன விகிதாசாரப்படி பகிரவேண்டும் என 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் நியாயம் எவ்வாறிருப்பினும், வீடற்றோர் கண்முன்னே வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. அது இளிவு. இவ்வனைத்தையும் 'சுனாமி டிராஜெடி' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், மனிதர் செய்தவற்றுக்கும் கடலே பொறுப்பாளியாகிவிடும்.

கரையிலிருந்து உள்ளே, இறக்காமப் பகுதியிலுள்ள வரிப்பத்தான்சேனைக்கு அலை வரவில்லை. நெல்லை நம்பி வாழும் அவ்வூர் விவசாயிக்கும் துயருண்டு. மழை பொய்த்தால் 'முஸீபத்து' என்று இறைவனிடம் பொறுப்பிப்பான். குளத்தில் நீரிருந்தும் வயலுக்கு வராவிடின், 'துருசைப் பூட்டியவர் யார்?' என்றே கேட்பான். இறை நம்பிக்கை அவனது வினாவைத் தடுப்பதில்லை. இந்தச் சொல்நேர்மை படித்தோரின் மேடைகளில் அருகிவருகிறது.

நாம் படித்த சுனாமிக் கவிதைகளுட் பல அலையைச் சபித்தலோடு நின்றுவிட்டன. இறந்தோருக்கு அழுதல் மனித இயல்பு. அதை நாம் குறைகூறோம். ஆயின் இழவைப் பாடிய பேனா, இளிவைக் கண்டு மௌனம் சாதிப்பது ஏன்? ஊழை ஏற்றுக்கொள்ளும் சிலப்பதிகாரமும் கண்ணகியை அரசவைக்கு அனுப்பி நீதி கேட்கவே செய்கிறது. அந்த மரபில் வந்த எழுத்தாளர், டிராஜெடி என்றெழுதுமுன் அது யாரால் விளைந்ததென்றும் எழுதட்டும்.