சாத்தாவாரி

தமிழ்நாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு; வன்னியில் சாத்தாவாரி. முள்ளோடு பற்றைகளில் ஏறிக் கிடக்கும் மெல்லிய கொடி. இலைபோலத் தெரியும் பச்சை ஊசிகள் உண்மையில் தண்டுகள்தான். பூங்கொத்துகளில் செருகும் அலங்காரப் பச்சையும் இதன் சொந்தம்.

மேலே தெரியும் மெலிவைப் பார்த்து ஏமாறக்கூடாது. மழை விட்ட ஈரமண்ணை அலவாங்கால் கிளறினால், அடியில் கொத்தாக, விரல்களைப்போல வெளிறிய கிழங்குகள். 'சதாவரி' என்ற வடமொழிப் பெயரிலேயே நூறு இருக்கிறது. பெயர் வைத்தவர் அதிகம் மிகைப்படுத்தவில்லை.

தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. பதமான கிழங்கென்றால் ஒரே இழுப்பில் முழுதாய் வந்துவிடும். பிறகு இடித்துச் சாறு பிழிந்து பாலில் காய்ச்சலாம். உலர்த்திப் பொடியாக்கி நெய்யில் குழைக்கலாம். நோயில் மெலிந்த உடல் தேறவும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும் பரியாரிமார் கொடுத்துவந்த மருந்து இது.

சிங்களவருக்கு இது ஹாத்தாவாரிய. இலைச்சாற்றில் காலைக் கஞ்சி வைப்பார்கள். அதற்குப் பனங்கட்டி ஒரு துண்டு கடித்துக்கொள்ள வேணும். சீனி சரிவராது.