பத்துப் பருவத்தில் இல்லாத பிள்ளை

ஒன்பதாம் வகுப்பிலே பிள்ளைத்தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். முத்தப் பருவம். சொல்லழகிலே வகுப்பு சொக்கிக் கிடந்தது, நாமும்தான். மேசைமீது, பாடநூலுக்கு அருகே, ஒரு விடுப்புக் கடிதம் கிடந்தது. தம்பிக்கு வயிற்றுப்போக்கு; அம்மா களையெடுக்கப் போகவேண்டும்; தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை; நான்கு நாள் விடுப்பு வேண்டும் - இவ்வளவே செய்தி. எழுதியவள் பதினான்கு வயது மாணவி. தம்பிக்குப் பதினோரு மாதம். பாட்டியல் நூலார் வகுத்த மாதக் கணக்குப்படி, அந்தத் தம்பியும் முத்தப் பருவத்தில்தான் இருந்தான்!

ஏட்டிலே ஒரு பிள்ளை. வீட்டிலே ஒரு பிள்ளை. ஏட்டுப் பிள்ளையிடம் புலவர் முத்தம் கேட்கிறார். வீட்டுப் பிள்ளையோ உதடு உலர்ந்து, கண் குழிந்து, அழவும் வலுவின்றிக் கிடக்கிறான். இருவரையும் தாலாட்டுவது ஒரே மொழிதான். ஆயினும் ஒருவரையொருவர் அறியார். ஏன் இந்தப் பிரிவினை? இதுவே நாம் ஆராய விரும்பும் வினா.

பிள்ளைத்தமிழ் இன்னதென்று தோழர்கள் அறிவார்கள். கடவுளையோ காவலனையோ குழந்தையாக்கி, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பத்துப் பருவம் பாடுவது ஆண்பாற் பிள்ளைத்தமிழ். பெண்பாலாயின் இறுதி மூன்றுக்கு மாற்றாகக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன வரும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இரண்டாம் குலோத்துங்கன்மீது ஒட்டக்கூத்தர் பாடியதே, இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மூத்தது. பதினேழாம் நூற்றாண்டிலே குமரகுருபரர் மீனாட்சியைப் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேக்கிழாரையே பிள்ளையாக்கினார். பின்னர் அரசியல் தலைவர்கள்மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இந்த நூல்களைத் தீயிலிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. இவற்றுள் கூர்ந்து நோக்கிய கண் ஒன்று உண்டு. ஒரு காலை மடக்கி, ஒரு முழந்தாளை ஊன்றி, இரு கைகளையும் நிலத்தில் பதித்துத் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தையைச் செங்கீரையிலே காண்கிறோம். கைகொட்டி மகிழும் குழந்தையைச் சப்பாணியிலே காண்கிறோம். இவை புலவர் வீட்டுத் திண்ணையிலே கண்ட காட்சிகளாகத்தான் இருக்கவேண்டும். கண்டதைப் பாடினார், மறுப்பில்லை. ஆனால் கண்டதனைத்தையும் பாடினாரா?

பத்துப் பருவத்திலும் ஒரு தும்மல் இல்லை. ஒரு காய்ச்சல் இல்லை. பல் முளைக்கும்போது வரும் சிணுங்கல் இல்லை. உண்ட பாலைக் கக்கும் குழந்தை இல்லை. இரவு முழுதும் தோளிலிட்டு நடந்த தாயின் சிவந்த கண் இல்லை. தாயின் குரலை வாங்கிக்கொண்ட புலவர், அவளுடைய உறக்கமின்மையை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

மறதிக்குக் காரணம் உண்டு. கடவுளுக்குக் காய்ச்சல் வருமா? அரசனுக்குப் பேதி என்று அவையிலே பாடமுடியுமா? பாட்டுடைத் தலைவன் உயரத்தில் இருப்பவன். ஆகவே பிள்ளையின் மெலிவுக்கு அங்கே இடமில்லை. போற்றுவதற்காகப் பிறந்த இலக்கியம், பேணுவதைப் பற்றிப் பேசாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதற் பருவம் காப்பு. பிள்ளையைக் காக்குமாறு முதலிலே திருமாலை வேண்டுவர்; தொடர்ந்து பல தெய்வங்களை வரிசையாக அழைப்பர். காப்பு என்னும் சொல்லுக்குப் பாட்டிலே இதுதான் பொருள். வீட்டிலே அதே சொல்லுக்குக் கையில் கட்டும் கயிறு, வளையம் என்று பொருள். இரண்டிலும் ஒரே கருத்து: காக்கும் பொறுப்பு நம்முடையதன்று, மேலே உள்ளவனுடையது.

குமரகுருபரரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஐந்து வயதுவரை பேசாத பிள்ளையாக இருந்தாராம். பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றார்களாம். அங்கே வாய் திறந்ததாம். முருகன் அருள் என்று முடிகிறது கதை. அந்த ஐந்தாண்டுகளில் நாள்தோறும் அந்தப் பிள்ளையின் முகம் பார்த்து, உதடு பார்த்து, ஒரு சொல் வருமா என ஏங்கிப் பேசிப் பேசிப் பார்த்த தாய் யார்? அவள் செய்த முயற்சி என்ன? கதை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாண்டு உழைப்புக்கு ஓர் எழுத்தில்லை. ஒரு நாள் அருளுக்குத் தல வரலாறு!

தமிழ் எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. புறநானூற்றின் 160-ஆம் பாடலைப் புரட்டுங்கள். பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வீட்டு வறுமையைச் சொல்கிறார். பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்த்து, வெறும் பானையைத் திறந்து பார்த்து அழும் பிள்ளை அங்கே இருக்கிறான். தாய் புலி வருகிறதென்று அச்சுறுத்திப் பார்க்கிறாள். நிலவைக் காட்டிப் பார்க்கிறாள். அழுகை நின்றபாடில்லை. நிலவு இங்கே விளையாட்டுத் தோழனன்று. பசித்த பிள்ளையின் கவனத்தைத் திருப்பத் தாய் கையாண்ட கடைசிக் கருவி. பிற்காலத்து அம்புலிப் பருவத்திலோ, சாம, தான, பேத, தண்டம் என நால்வகை வழியாலும் நிலவை அழைத்து, பாட்டுடைத் தலைவனோடு ஆடவரச் சொல்கிறார்கள். அதே நிலவு, அதே தமிழ். இடையிலே பசி எங்கே போயிற்று? அரண்மனை வாயிலிலும் கோவில் வாயிலிலும் தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டது!

அந்த நிலவிலே 1969-இல் மனிதன் கால் பதித்தான். 2023-இல் சந்திரயான்-3 அதன் தென்துருவப் பகுதியிலே தரையிறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல். நிலவைத் தொட்ட அறிவு நம் நடுவீட்டுத் தொட்டிலைத் தொட்டதா?

விடுப்பு முடிந்து வந்த மாணவியிடம் கேட்டறிந்தோம். முந்திய வாரம் குடும்பத்தோடு குலதெய்வக் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். தம்பிக்கு மொட்டை, காதுகுத்து. நெரிசலான பேருந்து, நண்பகல் வெயில், கிடைத்த இடத்தில் கிடைத்த தண்ணீர். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், பலூன் வாங்கினார்கள், அம்மாவும் ஆண்டிலே ஒருநாள் வயலை மறந்திருந்தார். மகிழ்ச்சியை நாம் குறை கூறமாட்டோம். திரும்பிய மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. உச்சிக்குழி உள்வாங்கியது. பார்த்த பெரியவர்கள் 'தோஷம்' என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோனார்கள். போக்கு நிற்கவேண்டுமென்று தண்ணீரைக் குறைத்தார்கள்!

உச்சிக்குழி உள்வாங்குவது தோஷமன்று, தோழர்களே. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிட்டதன் அடையாளம். வெளியேறியதைத் திரும்ப ஊட்டவேண்டும், அதுவே மருந்து. 1971-இல் வங்கப் போரின்போது, எல்லையருகே போன்காவ் ஏதிலியர் முகாமிலே வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் குளுக்கோசும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே ஊட்டச் செய்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் உறவினருமே. ஒரு லிட்டர் தூய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு - இதுதான் வீட்டிலே கலக்கும் முறை. தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமாகவே கிடைக்கிறது.

அந்தப் பிள்ளையைக் காத்தது எது? புதன்கிழமை தடுப்பூசி போட வந்த கிராமச் செவிலியரின் கண். பிள்ளையைப் பார்த்தார்; பொட்டலத்தைப் பிரித்தார்; கரண்டி கரண்டியாக ஊட்டச் சொல்லி, கூடவே அமர்ந்தார். மாலையில் பிள்ளை சிறுநீர் கழித்தான். மறுநாள் சிணுங்கினான். அதற்கு மறுநாள் அக்காளின் தலைமயிரைப் பற்றி இழுத்தான். காப்புப் பருவம் என்றால் அதுவன்றோ காப்புப் பருவம்!

அந்தத் தாயைப் பழிக்க நாம் எழுதவில்லை. கூலி இழந்தால் அடுப்பெரியாத வீட்டில், அறிந்ததை அவர் செய்தார். அறியவேண்டியதை அவருக்கு அறிவிக்காத நம்மையே பழிக்கிறோம். நோய்க்குத் தெய்வத்தின் பெயரிட்டு வணங்கிய நாடு இது. பெரியம்மையை ஆத்தாள் என்றோம்; வேப்பிலை கட்டினோம்; கூழ் ஊற்றினோம். 1796-இல் ஜென்னர் கண்ட வழி, உலகெங்கும் அந்த ஆத்தாளைத் துரத்தியது. இந்தியாவில் 1975-க்குப் பின் பெரியம்மை இல்லை. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்ததாக அறிவித்தது. கோபித்துக்கொண்டு வேறொரு பெயரில் ஆத்தாள் திரும்பி வரவில்லை.

மடமை பட்டிக்காட்டின் தனியுடைமை என்று நினைக்கவேண்டாம். படித்தவர் நாட்டிலும் அது பட்டாடை உடுத்தி உலவும். காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. இயக்கத்தை 1955-இல் எதிர்த்து எழுதியவர், இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைப் பள்ளிகளிலே போட முற்பட்டபோது, கைப்பேசி வழியே வதந்தி பறந்தது. பிள்ளையை அனுப்பமாட்டோம் என்றவர்களுள் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். அன்று கயிற்றிலே வந்த மடமை, இன்று கைப்பேசியிலே வருகிறது. அவ்வளவே வேறுபாடு.

இனி, நம் பாசறைக்குள்ளும் சற்று நோக்குவோம். பிறர் ஏட்டை மட்டும் ஆராய்வது பகுத்தறிவாகாது. பாவேந்தர் பாரதிதாசன் தொட்டிலை வானத்திலிருந்து மண்ணுக்கு இறக்கினார். பெண் குழந்தைக்கெனத் தாலாட்டு எழுதி, மூடப் பழக்கத்தை ஒழிக்கப் பிறந்தவள் என அவளைக் கொண்டாடினார். ‘இருண்ட வீடு’ எழுதிக் கல்லாமையின் கேட்டைக் காட்டினார். ‘குடும்ப விளக்கு’ எழுதி, மக்கட்பேற்றுக்கென்றே அதில் ஒரு பகுதியும் வைத்தார். இது பெரும் புரட்சி. எனினும் நாம் ஒன்று கேட்போம். அந்த விளக்கின் முதற் பகுதியிலே, வைகறை முதல் இரவுவரை ஓயாமல் உழைப்பவள் தலைவி. விளக்கு எரிகிறது, எண்ணெய் அவளே, திரியும் அவளே. தூண்டிவிடும் கை மட்டும் ஏன் கணவனுடையதாக இல்லை?

இந்தக் கணக்கு பழையது. பிள்ளையைப் பெற்றுப் பேணுவதைத் தாயின் பற்றிலும், சான்றாண்மை ஊட்டுவதைத் தந்தையின் பற்றிலும், வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் பற்றிலும் எழுதினார் புறநானூற்றுப் பொன்முடியார். பிறப்புக்கும் சான்றாண்மைக்கும் நடுவே ஆயிரம் இரவுகள் உண்டே! அந்த இரவுகளில் ஈரத்துணி பிழிந்து நெற்றியில் இடுவது யார் கடமை?

இப்போது சொல்லிவிடுகிறோம். அந்த மாணவியின் தந்தை, அந்த நான்கு நாளும் வீட்டில்தான் இருந்தாராம். அந்த வாரம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 'வீட்டில் ஆளில்லை' என்று மகள் எழுதியது பொய்யன்று. பிள்ளைக்குக் கரைசல் ஊட்டுவதும், துணி அலசுவதும், மடியில் கிடத்துவதும் ஆண்மகன் வேலையல்ல என்று அவர் நம்பினார், மகளும் நம்பினாள். ஆதலால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை! பதினான்கு வயதுப் பெண்ணின் நான்கு நாள் கல்வி, அந்த நம்பிக்கைக்குக் காணிக்கை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெண் விடுதலையோடு இணைத்துப் பேசினார் பெரியார். பெற்ற பிள்ளையைப் பேணுவதில் ஆணின் பங்கைக் கேட்பது, அப்பேச்சின் அடுத்த வரி அன்றோ?

இலக்கியத்திலே வயிற்றுப்போக்கா என்று முகம் சுளிப்போர் இருப்பர். போரிலே புண்பட்டுக் கிடந்தவனைக் காத்துப் பேணும் மனையைப் பாடினார் அரிசில்கிழார். அது இலக்கியம் என்று ஏற்றோம். வீரனின் புண் பாட்டுக்கு உரியதெனில், விடியும்வரை பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் தாயின் விழிப்பும், பக்கத்தில் அமர்ந்து கரண்டியேந்தும் தந்தையின் கையும் பாட்டுக்கு உரியனவே.

எழுதத் தெரிந்த இளைஞர்களே, பதினோராம் பருவத்தை எழுதுங்கள். தெய்வம் இல்லாத, அரசன் இல்லாத, காய்ச்சல் உள்ள, மருந்து உள்ள, இரு பெற்றோரும் விழித்திருக்கிற ஒரு பருவத்தை எழுதுங்கள். எழுதுவதற்குமுன், உங்கள் வீட்டிலே ஒரு பிள்ளை நோயுற்றால், முதல் இரவு நீங்கள் விழித்திருங்கள். அக்காள் பள்ளிக்குப் போகட்டும்.