நாளிதழ்ச் சித்திரத் தொடர்கள்: ஒரு தரவரிசை

நாளிதழ் வந்தவுடன் முதற்பக்கத்தைப் பெரியோர் எடுத்துக்கொள்ள, சித்திரத் தொடர் வரும் பக்கத்தைச் சிறுவர் பறித்துக்கொள்வது வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. சிறுகதையையும் புதினத்தையும் எடைபோடும் நாம், இவ்வகையை மட்டும் ஆராயாமல் விடுதல் முறையாகாது.

நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. அன்றைய சில கட்டங்களுக்குள் ஒரு முழுமை கிட்டுகிறதா? வாரம் முழுவதும் கிட்டியும் சலிப்புத் தட்டாதிருக்கிறதா? ஆர்.கே. லட்சுமண் 1951-இல் தொடங்கிய பொதுமனிதர் சித்திரம் ஒற்றைக் கட்டமாதலின் இவ்வரிசையில் சேராது. தனியே வைத்துப் போற்றத்தக்கது.

மூன்றாமிடம், தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு'. மந்திரவாதி மூசாவினால் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவுக்காகச் சிந்துபாத் மேற்கொண்ட பயணம் அது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் இதனை எழுத்துக்கூட்டிப் படித்தோர் பலர், அத்தொண்டு சிறிதன்று. எனினும், மறுநாள் என்ன நேரும் என்னும் வினாவே இதன் உயிர். அன்றைய பகுதி தனித்து நிற்பதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று படித்தவர் மறுகோடையில் இதழைப் பிரித்தாலும், சிந்துபாத் இன்னும் பயணத்திலேயே இருப்பார். எதையும் தவறவிட்டதாக அவருக்குத் தோன்றாது.

இரண்டாமிடம், பில் வாட்டர்சன் 1985 முதல் 1995 வரை வரைந்த 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்'. பிறர்க்குப் பஞ்சு பொம்மையாகத் தெரியும் புலி, சிறுவனுக்கு மட்டும் உயிர்த்தோழன். கோட்டின் வேகத்தில் இதற்கு நிகர் அரிது. ஆயினும் ஆறு வயதுச் சிறுவனின் வாயிலாகச் சில வேளைகளில் ஆசிரியரே பேசிவிடுகிறார்.

முதலிடம், சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்'. 1950 முதல் 2000 வரை, உதவியாளரின்றி அவர் ஒருவரே எழுதி வரைந்தார். பெரியவர் கட்டத்துக்குள் வருவது மிக அரிது. சார்லி பிரவுன் உதைக்க ஓடிவரும் வேளையில் லூசி பந்தை விலக்கிக்கொள்வாள். அவன் பட்டம் மரத்தில் சிக்கும். முடிவு முன்பே தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடுகிறது. தோல்வியை இத்துணை எளிமையாகக் காட்டிய தொடர் வேறு யாம் கண்டதில்லை.

தமிழ்ச் சங்க மலரில் தமிழ்த் தொடருக்கு மூன்றாமிடமா என அன்பர்கள் வினவலாம். பற்றினால் முதலிடம் வழங்கிவிட்டால், நம் சித்திரக்கலைக்கு இன்னும் எது வேண்டும் எனக் கேட்கும் உரிமையை நாமே இழந்துவிடுவோம். இங்கே வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத் தொடரைத் தாமே படிக்கின்றனர். தமிழ்த் தொடரை நாம் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிப் பையும் வீட்டுப் பாடமும் பாட்டியின் கண்டிப்பும் நிறைந்த நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் நான்கு கட்டங்களில் தமிழ் பேசி வந்தால், அவர்களும் எழுத்துக்கூட்டத் தொடங்குவர். சிந்துபாத்துக்காகத் தமிழகத்தில் பலர் அவ்வாறு செய்தனர் அன்றோ?