எழுத்துக்குள்ளே வெள்ளை இறங்குச்சு பாருங்க!

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஏர்கன்னோடு, ‘ஏய், இங்க ஓடியா, ஓடியா’ என்று ஒரு ஆள் நடு வீட்டில் நின்று கத்தினால் யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டே ஓடி வந்தாள். நான் கத்தினது வேறெதுக்கும் இல்லீங்க. எழுத்துத் தெரிஞ்சுதுங்க!

எங்கள் அப்பாரு கிணத்துக்கடவுத் தோட்டத்தில் வைத்திருந்த டயானா 35 அது. குழலை மடக்கிச் சுடுகிற பழைய ஸ்பிரிங் ஏர்கன். தென்னந்தோப்பில் தகர டப்பாவை வரிசையாக வைத்து அவர் சுடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் போனபின் அது சுவரோடு சுவராகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் அரிவாள், கடப்பாரை, ஸ்பேனர் செட்டோடு சேர்த்து அதையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். இந்த முறை துடைக்கும்போது மேலே இருந்த சந்தனம் துணியோடு வந்துவிட்டது, பள்ளத்துக்குள் இறங்கினது மட்டும் வர மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நினைச்சுப் பாருங்க! கன்னங்கரேலென்று இரும்பு, அதன் மேல் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ‘டயானா’, பக்கத்தில் ‘மாடல் 35’, தள்ளி ‘ஜெர்மனி’, அட, அதற்கும் பக்கத்தில் ஒரு பொம்பளை உருவம்! அத்தனை வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின துப்பாக்கியில் ஒரு அம்மா நின்றுகொண்டிருக்கிறாள், ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த அம்மாதான் டயானா, ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். சும்மா நிற்கவில்லை, கையிலிருந்த வில்லையும் அம்பையும் கீழே வீசிவிட்டு ஏர்கன்னைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன திமிர், என்ன விளம்பரம்! ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் 1890-ல் ஆரம்பித்த மேயர் அண்ட் கிராமல்ஸ்பாக்கர் கம்பெனியின் முத்திரை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களுடைய யந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனி கைக்குப் போய்விட்டதால், ராஸ்டாட்டில் செய்த அதே துப்பாக்கியைப் பிரிட்டனில் விற்கும்போது ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்றார்கள். பெயரைப் பறிகொடுத்தவன், ‘நான்தான்டா ஒரிஜினல்’ என்று இரும்பிலேயே வெட்டி அனுப்புகிறான் பாருங்கள்! அந்த ரோஷத்துக்கே ஒரு கோட்டிங் வெள்ளை அடிக்கலாம்.

சரி, சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். நிரந்தரமாக இந்த எழுத்துக்குள் நிறம் நிற்க வேண்டும் என்ற பைத்தியம் அன்றைக்கே பிடித்தது. வெளிநாடுகளில் இதற்கென்றே மெழுகுக் கட்டி மாதிரி லேக்கர் ஸ்டிக் விற்கிறார்கள், எழுத்தின் மேல் தேய்த்துவிட்டுத் துடைத்தால் முடிந்தது. ஆனால் கோயமுத்தூர்க்காரன் எதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும்? ஆவாரம்பாளையத்தில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

“அண்ணா, இந்த எழுத்துக்குள்ள வெள்ளை அடிக்கோணுங்கண்ணா.”

“அடிக்கறதென்னத்தப்பா, யாரு வேணாலும் அடிப்பாங்க. தொடைக்கறதுலதான் இருக்குது வேலை,” என்றவர், என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய பி.எஸ்.ஜி. லேத்தின் டயலைக் காட்டினார். இத்தனை வருஷம் அந்தப் பட்டறைக்குப் போய் வருகிறேன், அந்த டயலை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளி மாதிரி மின்னுகிற வளையம், அதைச் சுற்றி முடி மாதிரிக் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் கறுப்பு மை. டிராயரைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். அதில் சுழற்றுகிற திம்பிளில் சுற்றிலும் 50 கோடு, ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மில்லிமீட்டர், அத்தனை கோட்டிலும் கறுப்பு. அந்தக் கறுப்பு மட்டும் இல்லையென்றால் ஒரு பயலாலும் படிக்க முடியாது, படிக்க முடியாவிட்டால் பம்ப் ஷாஃப்ட்டும் இல்லை, மோட்டார் பேரிங்கும் இல்லை, பீளமேடு ஏரியாவும் இல்லை, கணபதி ஏரியாவும் இல்லை! ஒரு ஊரே அந்தக் கோட்டுக்குள் அடைத்த மையை நம்பிப் பிழைக்கிறது, நான் என்னமோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வேலைக்கு வருவோம். முதலில் குழலை மடக்கிப் பார்த்து உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம், அது எப்போதும் முதல் வேலை. பிறகு அழுக்கு எடுப்பு. பழைய டூத் பிரஷ், பல் குத்தும் குச்சி, கொஞ்சம் தின்னர். எழுத்துக்குள்ளிருந்து வந்தது பாருங்கள், கெட்டிப்பட்ட எண்ணெய், துரு, தேங்காய் நார்த் தூசி, என் அப்பாருடைய காலமே பிசின் மாதிரி உருண்டு உருண்டு வந்தது. தின்னர் மரத்தில் பட்டால் பாலிஷ் போய்விடும் என்பதால் கட்டையை முழுக்க மாஸ்கிங் டேப்பால் சுற்றியாகிவிட்டது. எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது, அதனால் துடைத்த இடத்தைத் துடைத்து, மறுபடியும் துடைத்து, விரல் படாமல் வைத்தோம்.

அப்புறம் நிறம். சாதாரண வெள்ளை எனாமல் பெயின்ட், சின்ன டப்பா. நெயில் பாலிஷிலும் செய்யலாம், சீக்கிரம் காயும். எனாமல் நின்று பேசும், எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் லேசில் போகாது, அதனால் அண்ணனுடைய ஓட்டு எனாமலுக்கு. குச்சி நுனியில் தொட்டு எழுத்தின் மேல் தாராளமாக வைத்தார். எழுத்துக்கு வெளியே வழிகிறது, அசிங்கமாக இருக்கிறது, எனக்கோ நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்பாரு துப்பாக்கியில் காக்காய் எச்சமிட்ட மாதிரி வெள்ளை! நான் ஓடிப்போய் மேஜையில் கிடந்த திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்தேன், அண்ணன் கையைத் தட்டிவிட்டார். “அதுல தொடைச்சா குழிக்குள்ள பூந்து எல்லாத்தையும் நக்கிட்டு வந்துரும் தம்பி. மெத்துனு இருக்கற துணியே ஆகாது.” என்ன பண்ணினார் தெரியுமா? யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த கல்யாணப் பத்திரிகையைக் கிழித்தார். நம்ம பக்கத்துப் பத்திரிகைதான் பலகை மாதிரி இருக்குமே! அந்த அட்டையை மடித்து, ஓரத்தில் டர்பன்டைன் ஈரம் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு, பெயின்ட் மேலே லேசாக ஆடை கட்டுகிற வரைக்கும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, எழுத்துக்குக் குறுக்காக அட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழு.

ஐயோ! அந்த ஒரு இழுப்பை நான் எப்படிச் சொல்வேன்! அட்டை போகப் போக அதன் பின்னாலேயே எழுத்து வருதுங்க, முதல் எழுத்து பளீரென்று வருது, அடுத்தது வருது, அதற்கு அடுத்தது, மேலே கறுப்பு இரும்பு ஒரு சொட்டு வெள்ளை ஒட்டாமல் எண்ணெய்க் கறுப்பாக மினுங்குது, உள்ளே மட்டும் பால் வெள்ளை, ஓரம் பிளேடால் வெட்டின மாதிரி, நான் ‘அண்ணா நிறுத்துங்க நிறுத்துங்க’ என்கிறேன், எதற்கு நிறுத்தச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, போன் எடுக்கிறேன், கை நடுங்கிப் படம் கலங்குது, அடுத்த இழுப்பில் அந்த அம்மா வருகிறாள், முதலில் தூக்கின துப்பாக்கி, பிறகு கை, பிறகு தலை, பிறகு காற்றில் பறக்கிற சேலை மாதிரி ஏதோ ஒன்று, பட்டறையில் மற்ற மிஷின்களை நிறுத்திவிட்டுப் பையன்கள் எல்லாம் வந்து சுற்றி நிற்கிறார்கள், டர்பன்டைன் நெடி மூக்கில் ஏறுது, எனக்குக் கண்ணில் தண்ணீர், அது நெடியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு ஓரத்தில் நாலே எண்கள், மாதமும் வருஷமும், அது செய்யப்பட்ட தேதி! அது வெள்ளையாக வந்தபோது, அந்த மாதம் ராஸ்டாட்டில் எவனோ ஒரு ஜெர்மன்காரன் பஞ்ச்சை வைத்து ஓங்கின அடி எனக்குக் காதில் கேட்ட மாதிரியே இருந்தது. சிரிக்காதீங்க. உங்களுக்கும் கேட்கும்.

குறை இருக்கா என்றால், அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தலை வலித்தது. எனாமல் கெட்டிப்பட ஒரு நாள் தொடாமல் விட வேண்டும், தொடாமல் விடுவதுதான் முடியவே இல்லை. அதுவும் காய்ந்தபின் ஒரு துளி எண்ணெய் மேலே தடவியாக வேண்டும், தின்னர் பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். இன்னொன்று, புது ஏர்கன்களில் லேசரில் மேலோட்டமாகச் சுரண்டினது மாதிரி எழுத்திருக்கும், அதில் பெயின்ட் நிற்க இடமே இல்லை. அதெல்லாம் ஒரு குறையா!

பிறகு ஆரம்பித்தது கண் நோய். பார்க்கிற எழுத்தெல்லாம் பள்ளமாகத் தெரிகிறது. என் பழைய நிக்கான் லென்ஸை எடுத்தால், அபெர்ச்சர் எண்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம், அதே நிறத்தில் கீழே ஒரு கோடு, எதுவரை ஃபோகஸில் இருக்கும் என்று நிறமே சொல்லிவிடுகிறது, எல்லாம் வெட்டி அடைத்த நிறம்! ஹெக்லர் அண்ட் கோக் ராணுவத் துப்பாக்கிகளின் சேஃப்டி லிவரில் ‘எஸ்’ வெள்ளை, சுடுகிற நிலைக்கு வந்தால் ‘ஈ’யும் ‘எஃப்’பும் சிவப்பு, சிப்பாய் படிக்கவே வேண்டாம், ஓரக்கண் போதும். பேரூர் பட்டீசுவரர் கோயில் கல்வெட்டுக்கு முன்னால் நின்றால் வேறொரு கூத்து. கல்வெட்டைப் படியெடுக்கிறவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் அடித்து மை தட்டுவார்கள் இல்லையா, அங்கே மேடெல்லாம் கறுப்பாகி எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அச்சு அசலாக என் டயானா! ஆனால் அவர்கள் மையை எழுத்துக்குள் விடாமல் செய்கிறார்கள், நாங்கள் எழுத்துக்குள் மட்டும் விடுகிறோம். போகிற வழி தலைகீழ், வந்து சேருகிற இடம் ஒன்று. இதை அங்கேயே நின்று பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் விளக்கினேன். அவர் விபூதி வாங்கப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் பாட்டன் வேலை நம்ம மண்ணை ஆண்டவர்களிடம் இருந்திருக்கிறது. 1791-ல் கோயமுத்தூர்க் கோட்டையைத் திப்புவின் படை முற்றுகை போட்டதே, அந்தத் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் இன்றைக்கு இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குழலில் பெயின்ட் இல்லை, தங்கம்! இரும்பை வெட்டிப் பள்ளம் எடுத்து அதில் தங்கத்தைத் தட்டி இறக்கிப் புலி வரியும் எழுத்தும் எழுதியிருக்கிறான் கொல்லன். அவனிடம் என் எனாமல் டப்பாவைக் காட்டினால் அடிப்பான். பரவாயில்லை, அடி வாங்கிக்கொண்டாவது கேட்பேன், மிச்சத் தங்கத்தை எதால் வழித்தீர்கள் சாமி என்று.

இங்கே ஒரு வார்த்தை மட்டும் பொறுப்பாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பழையபடி குதிக்கலாம். நான் பேசுவது ஏர்கன், 4.5 மில்லிமீட்டர் குழலும் குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ளவற்றுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நிறம் அடைத்து அழகு பார்க்கட்டும், ஆனால் அடையாள எண்ணைத் தேய்ப்பது, அழிப்பது, மாற்றுவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நான் சொல்வது எழுத்தை எடுப்பாக்குகிற வேலை, எடுக்கிற வேலை அல்ல.

இப்போது வீட்டில் பெரிய சண்டை. அந்த அம்மாவுக்குச் சிவப்பு அடைக்க வேண்டும் என்கிறாள் என் பெண், மாரியம்மன் மாதிரி இருக்குமாம். வெள்ளையே லட்சணம் என்கிறார் பட்டறை அண்ணன். வீட்டுக்காரியோ, எதையாவது அடைத்தே தீர வேண்டுமென்றால் சமையலறையில் அவள் சீர் கொண்டுவந்த எவர்சில்வர் அண்டாவில் அவள் பெயர் வெட்டியிருக்கிறது, முதலில் அதைக் கவனி என்கிறாள். போய்ப் பார்த்தேன். அருமையான வெட்டுங்க! புள்ளி புள்ளியாகக் குத்தின எழுத்து, அவள் பெயர், அவங்க ஐயன் பெயர், ஊர், கல்யாணத் தேதி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. வெள்ளை எடுபடாது, எவர்சில்வருக்குக் கறுப்புத்தான், இல்லையென்றால் அடர்நீலம். புழங்குகிற அண்டா இல்லை, பரண் அண்டா, அதனால் பெயின்ட்டுக்குப் பயமில்லை. பத்திரிகை அட்டை தீர்ந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தம் வருகிறது, யாராவது வந்து கொடுக்கட்டும், மொய்யோடு போய்விட்டு வந்து அட்டையை நான் வைத்துக்கொள்கிறேன்.